மிளகாய்த் தொட்டியில் பூண்டுக்கு ஓர் இடம்

சிங்கப்பூரில் பூண்டு நட்டால் பூண்டு கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதைத் தெரிந்துகொள்ள நான்கு மாதம் ஆனது. 2019 பிப்ரவரியில், கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், தேக்கா சந்தையில் வாங்கிய பூண்டை உதிர்த்துப் பன்னிரண்டு பல் நட்டேன். பன்னிரண்டும் முளைத்தன. தாள் ஒரு முழம் வளர்ந்தது. ஜூன் மாதம் தாள் பழுத்துச் சாய்ந்ததும் ஆசையாகத் தோண்டினேன். கோலிக்குண்டு அளவில் ஒற்றை உருண்டைதான் இருந்தது. பல் பிரியவே இல்லை. சில செடிகளில் அதுவும் இல்லை. நட்ட பல்லின் தோல் மட்டும் வேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. பூண்டு பல் பிரிய வேண்டுமானால் முதலில் சில வாரங்கள் நல்ல குளிர் வேண்டும், பத்து டிகிரிக்குக் கீழே. அதன் பிறகு பகல் நீண்டுகொண்டே போக வேண்டும். இங்கே இரவிலும் 24, 25 டிகிரி. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லை நாம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தை எட்டாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மலைக்குளிரைத் தொட்டிக்குக் கொண்டுவர முடியாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து நட்டால் விளையாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். முளைப்பு விரைந்தது, பல் பிரியவில்லை.

இருந்தும் அந்த ஆண்டிலிருந்து இன்றுவரை என் தொட்டிகளில் பூண்டு இல்லாத வாரமே கிடையாது. அதற்குக் காரணம் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. நான் தோண்டிப் போட்ட உருண்டைகளைப் பார்த்துவிட்டு, தம் தலைமுறைக்கே உரிய சந்தை மலாயில் சொன்னார்: “பவாங் பூத்தே சினி தா ஜாடி, தம்பி. சிலி பூஞா திப்பி தாரோ.” பூண்டு இங்கே விளையாது தம்பி, மிளகாய்க்குப் பக்கத்தில் வை என்று பொருள். அவருடைய மிளகாய்ச் செடிகளை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் புல் போல ஏதோ முளைத்திருக்கும். களை என்று நினைத்திருந்தேன். அது பூண்டுத் தாள்.

ஆகவே இந்தக் குறிப்பு பூண்டு அறுவடையைப் பற்றியது அல்ல. மிளகாய், தக்காளி, கத்திரி, கீரை ஆகியவற்றுக்குப் பூண்டை எப்படித் துணையாக வைப்பது, எங்கே வைக்கக் கூடாது, அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பற்றியது. எனக்கு இருப்பது ஈசூனில் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் பதினோரு தொட்டிகள். அதோடு புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தில் பிறகு சேர்ந்த தோட்டம் அது.

வாசனைதான் வேலை செய்கிறது

ஒரு பூண்டுப் பல்லை உரிக்காமல் முகர்ந்து பாருங்கள். பெரிதாக வாசனை இருக்காது. நசுக்கினால்தான் மூக்கைத் துளைக்கும். பூண்டின் திசுக்களில் அல்லீன் என்ற பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. திசு கிழிபடும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அது உடைந்து வேறு கந்தகச் சேர்மங்கள் ஆகின்றன. பல்லில் நடப்பதுதான் தாளிலும் நடக்கிறது.

இதைப் படித்த பிறகுதான் ஆன்ட்டி ஏன் வாரத்துக்கு இரண்டு முறை கத்தரிக்கோலோடு வந்து தாளை நறுக்கினார் என்பது எனக்கு விளங்கியது. சமையலுக்காக நறுக்குகிறார் என்று நினைத்திருந்தேன். சமையலுக்கும்தான். ஆனால் நறுக்கும்போதெல்லாம் செடியைச் சுற்றி வாசனை பரவுகிறது. சும்மா நட்டுவிட்டுத் தொடாமல் இருந்தால் பூண்டு பாதி வேலைதான் செய்யும்.

அசுவினி, சிலந்திப்பேன் போன்ற, செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு உயிர்கள் தங்களுக்கு வேண்டிய செடியைக் கண்டுபிடிப்பதில் வாசனைக்குப் பெரும் பங்கு உண்டு. மிளகாயின் வாசனையோடு பூண்டின் வாசனையும் கலந்தால் அவற்றுக்குக் குழப்பம். பிரேசிலில் ஸ்ட்ராபெரிப் பாத்திகளுக்கு நடுவே பூண்டு நட்டுப் பார்த்த ஆய்வில் சிலந்திப்பேன் குறைந்தது. சீனாவில் புகையிலைக்கு ஊடுபயிராகப் பூண்டு வைத்தபோது அசுவினி குறைந்தது. இரண்டிலுமே நடந்தது குறைவு, முற்றாக ஒழிந்துவிடவில்லை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

என் தாழ்வாரத்தில் 2022இல் இரண்டு மிளகாய்த் தொட்டிகளை எட்டடி இடைவெளியில் வைத்தேன். ஒன்றில் பூண்டு உண்டு, மற்றொன்றில் இல்லை. பட்டறையில் வேலைக் குறிப்பு எழுதிய பழக்கம் விடவில்லை; ஞாயிறு தோறும் இலையைத் திருப்பிப் பார்த்து நோட்டில் எழுதினேன். பூண்டு இல்லாத தொட்டியில் மூன்றாம் வாரம் அசுவினி வந்தது. பூண்டு இருந்த தொட்டியில் ஏழாம் வாரம் வந்தது. வராமல் இருக்கவில்லை, தாமதமாக வந்தது. இரண்டே தொட்டியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மிளகாய்ச் செடி பூவெடுக்கும் காலத்தில் நான்கு வாரம் என்பது பெரிய அவகாசம். அந்த அவகாசத்தில் அது காய்த்துவிட்டது.

எந்தப் பூண்டு, எப்படி நடுவது

கடையில் விற்கும் எல்லாப் பூண்டும் முளைக்காது. முளைவிடாமல் இருக்க மருந்திட்ட அல்லது கதிர் பாய்ச்சிய பூண்டும் சந்தைக்கு வருகிறது. ஒரு முறை பளிச்சென்று வெள்ளையாக இருந்த பெரிய பூண்டை வாங்கி இருபது பல் நட்டேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டினால் இருபதும் அப்படியே இருந்தன, இரண்டு மட்டும் அழுகியிருந்தன. அதன் பிறகு ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறேன். வாங்கி வந்த பூண்டில் ஒரு பல்லை நெடுக்காகப் பிளந்து பார்ப்பேன். நடுவில் வெளிர்பச்சைக் குருத்து தெரிந்தால் அந்தப் பூண்டு முளைக்கும். குருத்து வெள்ளையாக, ஊசி முனை போலச் சிறுத்திருந்தால் அதைச் சமையலுக்கு அனுப்பிவிடுவேன். தேக்காவில் கிடைக்கும் இளஞ்சிவப்புத் தோல் கொண்ட சிறிய இந்தியப் பூண்டு எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது. அடுப்படிக் கூடையில் தானாகவே முளைவிட்ட பல் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

குருத்து இன்னும் பச்சையாகாத பூண்டையும் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று வாரம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையிலும் கூடாது, வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

தொட்டி அகலமாக இருக்க வேண்டும். நான் முதலில் செய்த பெரிய பிழை இதுதான். ஆறு அங்குலத் தொட்டியில் மிளகாயும் மூன்று பூண்டும் சேர்த்து வைத்தேன். இரண்டும் ஒரே தண்ணீருக்கும் ஒரே சத்துக்கும் போட்டியிட்டன. மிளகாய் மஞ்சளித்தது, பூண்டு அழுகியது. இப்போது குறைந்தது 35 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தொட்டிதான். நடுவில் மிளகாய். விளிம்பை ஒட்டி நான்கு பல், நான்கு திசைக்கு ஒன்றாக. மிளகாய்த் தண்டுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் முக்கால் சாணாவது இருக்க வேண்டும்.

மண்ணில் தண்ணீர் தங்கக் கூடாது. இது பூண்டின் உயிர்நாடி. நர்சரியில் பையில் கிடைக்கும் தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (நீர் வடிய உதவும் எடையற்ற வெள்ளைத் துகள்) அல்லது சுட்ட மண் ஒரு பங்கு என்று கலக்கிறேன். நடுவதற்கு முன்பு பல்லைத் தோலோடு இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்கலாம். கூரான முனை மேலே, தட்டையான வேர்ப்பக்கம் கீழே. பல்லின் தலைக்கு மேல் ஒரு விரல் அகல மண் போதும். தலைகீழாக வைத்தாலும் முளைக்கும், ஆனால் குருத்து வளைந்து மேலே வர ஒரு வாரம் வீணாகும்.

நட்ட அன்று ஒரு முறை நன்றாகத் தண்ணீர். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். ஐந்திலிருந்து ஏழு நாளில் பச்சை முனை தெரியும். மூன்று வாரத்தில் தாள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். அப்போது முதல் வெட்டு. மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். அதன் பிறகு நான்கு நாளைக்கு ஒருமுறை, எல்லாத் தாளையும் ஒரே நேரத்தில் வெட்டாமல், இன்று இரண்டு செடி, அடுத்த முறை மற்ற இரண்டு என்று மாற்றி மாற்றி வெட்டினால் வாசனை விட்டுப்போகாது.

இரண்டாம் வெட்டுக்கு வரும் தாள் மெலிந்திருக்கும். மூன்றாவதற்கு நூல் போல வரும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பல்லில் சேர்த்து வைத்திருந்த சத்து தீர்ந்துவிடுகிறது. நம் வெயிலில் அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இதை ஏற்றுக்கொள்ள மனமில்லாமல் பழைய செடியையே உரம் போட்டுத் தேற்றப் பார்ப்பவர்கள் உண்டு. பிடுங்கிவிட்டுப் புதுப் பல் நடுவதுதான் வழி. நான் நான்கு பல்லையும் ஒரே நாளில் நடுவதில்லை. இரண்டை இன்று நட்டால் மற்ற இரண்டை நான்கு வாரம் கழித்து. அப்படிச் செய்தால் ஒரு ஜோடி ஓயும்போது மற்ற ஜோடி முழு வீச்சில் இருக்கும். பிடுங்கிய செடியை வேர் நறுக்கி முழுவதுமாகச் சமைக்கலாம். என் மனைவி ரசத்தை இறக்கியதும் பொடியாக நறுக்கிய தாளைத் தூவி மூடிவிடுவார்.  மூடியைத் திறக்கும்போது வருகிற மணத்துக்கு இணையே இல்லை.

யாருக்குப் பக்கத்தில்

மிளகாய்க்குப் பூண்டு நல்ல துணை. தக்காளிக்கும் அப்படியே. குறிப்பாக பிப்ரவரி மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று வறண்டு வீசும்போது, மழைச்சாரல் படாத தாழ்வாரத் தொட்டிகளில் சிலந்திப்பேன் பெருகும். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியது போல மங்கலான புள்ளிகள் தெரிந்தால் அடிப்புறத்தைப் பாருங்கள், மெல்லிய நூலாம்படை இருக்கும். அந்த மாதத்துக்கான பூண்டை ஜனவரி முதல் வாரமே நட்டுவிட வேண்டும். பேன் வந்த பிறகு நட்டுப் பயனில்லை.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பூண்டு வருகிறவனை யோசிக்க வைக்கும், குடியேறிவிட்டவனை வெளியேற்றாது. ஒரு நாள் மாலை மிளகாய்க் கொழுந்தைத் திருப்பினேன். இளம் இலையின் நரம்பை ஒட்டி, கடுகில் பாதி அளவில், பச்சையாக, வரிசை வரிசையாக அசுவினிகள். தலையை இலையில் குத்திக்கொண்டு வாலைத் தூக்கி நின்றன. இரண்டு கறுப்பு எறும்புகள் அவற்றின் மேல் நடந்து போய், ஒவ்வொன்றையும் உணர்கொம்பால் தட்டின. தட்டியதும் அசுவினியின் பின்புறத்தில் கண்ணாடி போல ஒரு துளி திரண்டது. எறும்பு அதை உறிஞ்சிவிட்டு அடுத்ததைத் தட்டப் போயிற்று. அந்தத் தேன்துளிக்காகவே எறும்பு அசுவினியைப் பொறிவண்டிடமிருந்து காக்கிறது. அடியில் நான்கு பூண்டுச் செடிகள் செழிப்பாக இருந்தன. அந்தக் கூட்டத்தை அவை ஒன்றும் செய்யவில்லை.

அப்போது செய்ய வேண்டியது வேறு. முதலில் இலையின் அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து, காலையில். எறும்பு ஏறும் வழியைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும். பெரும்பாலும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிளைதான் பாலம். அதை வெட்டினால் போதும். கழுவிய பிறகு திரும்ப வராமல் இருப்பதற்குத்தான் பூண்டு.

கத்திரிக்கு என் பாத்தியில் பூண்டு வைத்தேன். வெள்ளை ஈயும் அசுவினியும் ஓரளவு அடங்கின. ஆனால் தண்டையும் காயையும் துளைக்கும் புழு அடங்கவில்லை. கொழுந்து தலைசாய்ந்து தொங்கினால் அதைத் துளை இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதற்குப் பூண்டை நம்ப வேண்டாம். சாய் சிம், கைலான் போன்ற கீரைகளுக்குப் பூண்டைவிட மெல்லிய வலைதான் சிறந்த காவல். வலைக்குள்ளே வரிசைக்கு நடுவில் பூண்டும் இருந்தால் கைலான் இலையடியில் அசுவினி குறைகிறது. ரோஜாவுக்கு வைக்கலாம். வெண்டைக்கு வைத்தேன், மாவுப்பூச்சி கண்டுகொள்ளவே இல்லை.

நத்தைக்கும் இப்படித்தான். பூண்டு நட்டால் நத்தை வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எங்கள் சமூகத் தோட்டத்தில் மழை இரவுகளில் வரும் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் பூண்டுத் தாளுக்கு மேலேயே ஊர்ந்து போய்க் கீரையைத் தின்றன. டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் ஒரே வழி. வெறுங்கையால் தொடாதீர்கள். அவற்றிடம் மனிதருக்கு நோய் தரும் புழுக்கள் இருக்கக்கூடும், கையுறை கட்டாயம்.

யாருக்குப் பக்கத்தில் கூடாது

பயற்றங்காய், அவரை, பட்டாணி, வேர்க்கடலை ஆகியவற்றுக்கு அருகில் பூண்டு வேண்டாம். பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சுகள் இருக்கும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருகின்றன. பூண்டும் அடங்கிய வெங்காயக் குடும்பத்துச் செடிகளோடு பயறுக்கு ஒத்துப்போகாது என்பது பல நாட்டுத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. என் பாத்தியில் பூண்டை ஒட்டிய பயற்றங்காய்க் கொடி மற்றக் கொடிகளைவிடக் குட்டையாகவே நின்றது. மண் காரணமாகவும் இருக்கலாம். ஆனாலும் நான் மறுபடி வைக்கவில்லை, இடம் இருக்கும்போது எதற்கு இந்தச் சோதனை.

கங்கோங் கீரை சேற்றை விரும்பும். பூண்டு சேற்றில் அழுகும். புதினா தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே தொட்டியில் மாற்றி மாற்றி நட்டுக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே நோய், ஒரே இலைப்பேன். ஓராண்டு பூண்டு இருந்த மண்ணுக்கு அடுத்து ஒரு கீரை போட்டு ஓய்வு கொடுக்கலாம்.

தாழ்வாரத்தில் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நடந்துபோக 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், இது தீப்பாதுகாப்பு விதி. அகலத் தொட்டி வாங்குவதற்கு முன்பு அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். மற்றொன்று தொட்டியின் அடித்தட்டு. மிளகாய்க்கு ஊற்றிய தண்ணீர் தட்டில் தேங்கினால் பூண்டு வேர் அழுகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் டெங்கி வந்தபோது எல்லாத் தொட்டிகளையும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். என் ஒரு தட்டில் புழு நெளிந்தது. அந்த வீட்டுச் சிறுவன் மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அன்றே எல்லாத் தட்டுகளையும் எடுத்தெறிந்துவிட்டேன். இப்போது தொட்டிகள் செங்கல் மேல் நிற்கின்றன. தண்ணீர் அளந்துதான் ஊற்றுகிறேன், அடியில் ஈரம் தென்பட்டதும் நிறுத்திவிடுவேன்.

பூண்டுத் தண்ணீர்

நட்ட பூண்டு போதாதபோது தெளிப்பதற்கு. ஒரு முழுப் பூண்டை, ஏறத்தாழ பத்துப் பல், தோலோடு அம்மியில் நசுக்குங்கள். நசுக்கியதும் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில்தான் அல்லிசின் உண்டாகிறது. உடனே கொதிநீரை ஊற்றினால் நொதி செயலிழந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, மறுநாள் துணியில் இரு முறை வடிகட்டி, பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டுக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் நீர் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும்.

முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கருகவில்லை என்றால் மாலை ஆறு மணிக்கு மேல், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். செடியில் பொறிவண்டோ அதன் புழுவோ இருந்தால் தெளிக்காதீர்கள். பொறிவண்டுப் புழு பார்ப்பதற்கு முள் முதலை போல இருக்கும். பூச்சி என்று நினைத்து நசுக்குபவர்கள் அதிகம். அது அசுவினியைத் தின்ன வந்த விருந்தாளி. வடிகட்டிய தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், வீரியம் போய்விடும்.

குச்சாய்

ஆறு வாரத்துக்கு ஒருமுறை நடப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பூண்டின் உறவுக்காரி ஒருத்தி இருக்கிறாள். சந்தையில் கட்டுக்கட்டாகத் தட்டை இலையோடு விற்கும் குச்சாய். இந்தத் தட்பவெப்பம் அவளுக்குச் சொந்த வீடு போல. குளிர் வேண்டாம், நீண்ட பகல் வேண்டாம். ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் வெட்ட வெட்டத் தழைப்பாள். வெட்டும்போது பூண்டு வாசனையே வரும், சற்று மென்மையாக. பூக்க விட்டால் வெள்ளைப் பூங்கொத்துக்குத் தேனீக்களும் அசுவினியைத் தின்னும் சில புழுக்களின் தாய் ஈக்களும் வருகின்றன. என் கருத்தில் சிங்கப்பூர்த் தாழ்வாரத்துக்கு நிரந்தரத் துணை குச்சாய்தான். பூண்டு அதற்கு மேல் கூடுதல் காவல்.

இந்தக் குடும்பத்தின் வேருக்கும் வேலை உண்டு. ஜப்பானின் தொச்சிகி மாநிலத்தில் சுரைக்காய் பயிரிடுபவர்கள் சுரைச்செடியோடு வெங்காயத்தாள் செடியையும் சேர்த்தே நடும் வழக்கம் இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அந்த வேரில் வாழும் பாக்டீரியாக்கள் சுரையின் வாடல் நோய்ப் பூஞ்சையை அடக்குவது தெரிந்தது. தென் சீனாவில் வாழைக்கு வாடல் நோய் வந்த நிலங்களில் குச்சாயை மாற்றுப்பயிராகப் போட்டு நோயைக் குறைத்திருக்கிறார்கள். தொட்டியில் இந்தப் பலன் எந்த அளவுக்குக் கிடைக்கும் என்று நான் அளந்ததில்லை. பாத்தியில் தக்காளிக்கு முன்பு ஒரு பருவம் குச்சாய் வைக்கிறேன்.

ஆன்ட்டி 2023இல் பொங்கோலில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது தம் குச்சாய்த் தொட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதில் வேர் அடைந்து தண்ணீர்கூட இறங்காமல் இருந்தது. அப்படிப்பட்ட தொட்டி உங்களிடம் இருந்தால் பிரிக்கும் முறை இது. முந்தின நாள் இரவு நன்றாக நனையுங்கள். காலையில் தாளை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் மண் முழுக்கட்டியாக வெளியே வரும். கத்தியால் நான்காகப் பிளந்து, ஒவ்வொரு துண்டையும் கையால் ஐந்தாறு குருத்துள்ள கொத்துகளாகப் பிரியுங்கள். வேர் ஒரு சாணுக்கு மேல் நீண்டிருந்தால் பாதியாக நறுக்கலாம், செடி பொருட்படுத்தாது. மிளகாய்த் தொட்டியின் விளிம்பில் இரண்டு கொத்து, ஒன்றுக்கொன்று எதிரெதிரே, முன்பு இருந்த ஆழத்துக்கே நடுங்கள். பத்து நாள் நிழல், பிறகு பழைய இடம்.

அந்தத் தொட்டியிலிருந்து பதினாறு கொத்து கிடைத்தது. பத்து என் தொட்டிகளுக்கு. நான்கு சமூகத் தோட்டத்துக்கு. மீதி இரண்டை ஈரத் துணியில் சுற்றி எம்ஆர்டி ரயிலில் பொங்கோலுக்கு எடுத்துப்போனேன். அங்கே மகள் வைத்திருந்த ஒரே மிளகாய்ச் செடியின் பக்கத்தில் ஆன்ட்டி தம் கையாலேயே அவற்றை நட்டார்.